அரைக்கம்பம் சந்தோஷமாக இருக்கிறான்

அவன் கேக் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருந்தது: "யாருக்கு என்ன ஆச்சு?"

கதவு திறக்கும். வாசலில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு இளைஞன் நிற்பான். புருவங்கள் நடுவில் ஏறி ஓரங்களில் சரிந்திருக்கும். கண்கள் இப்போதுதான் அழுது முடித்ததுபோல ஈரமாக மினுங்கும். உதட்டின் இரண்டு முனைகளையும் யாரோ கீழ்நோக்கி இழுத்துக் கட்டியதுபோல இருக்கும். உள்ளே பலூன் ஊதிக்கொண்டிருந்தவர் அதிர்ந்துபோய் விரலை விட்டுவிடுவார். பலூன் மட்டும் புர்ரென்று காற்றை விட்டபடி அறையைச் சுற்றிவந்து சோபாவுக்குப் பின்னால் விழும்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். கேக் வந்திருக்கு" என்பான் அவன்.

அந்த முகத்திலிருந்து வருவதால் அதுவும் துக்கச் செய்தியாகவே கேட்கும்.

உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் அவன் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருப்பான். மாடிப்படியில் தன்னைப் பார்த்துவிட்டுப் பாதையை மாற்றிக்கொண்டு போன பூனையை நினைத்தோ, லிஃப்டில் தோளைத் தட்டி "காலம் எல்லாத்தையும் ஆத்தும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன முன்பின் தெரியாத மனிதரை நினைத்தோ சிரிப்பான். இருபத்திரண்டு வயதில் அந்தத் தெருவிலேயே அவனைவிட சந்தோஷமான பிள்ளை கிடையாது. அதை அவன் முகத்திடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறந்தபோதே இப்படித்தான். அம்மா பயந்துபோய் டாக்டர் டாக்டராகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். கடைசியாகப் பார்த்த டாக்டர் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா. முகம் அப்படி" என்றார். சொன்னவர், ஏனோ மனசு சரியில்லை என்று அன்றைக்குச் சீக்கிரமே கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டப்பெயர் பள்ளிக்கூடத்தில் வந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் காலமாகி, பள்ளியில் கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டியிருந்தார்கள். இவன் தற்செயலாக அதன் கீழே நின்றான். பையன்கள் கொடியைப் பார்த்தார்கள், இவனைப் பார்த்தார்கள். அன்று முதல் இவன் அரைக்கம்பம். வகுப்பில் ஜோக் அடிப்பது அரைக்கம்பம், அதற்காக பெஞ்சுமேல் ஏறி நிற்பது பக்கத்துப் பையன். "பாவம், அவனே ஏதோ வேதனையில இருக்கான். நீதான்டா சிரிச்சே!" என்பார் வாத்தியார். பரீட்சையில் தேறிவிட்டு வீட்டுக்கு வந்த நாளில், முகத்தைப் பார்த்ததுமே அப்பா வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்து, "விடுடா. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பாஸ் என்று புரியவைப்பதற்குள் அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்துவிட்டாள்.

கேக் கடையில் டெலிவரிக்குச் சேர்ந்தது அவனாக விரும்பித்தான். பிறந்தநாள், கல்யாணநாள், வேலை கிடைத்த நாள் என்று ஊரில் நடக்கிற எல்லாச் சந்தோஷத்துக்கும் நேரில் போய் நிற்கலாமே என்று. ஆனால் கடை முதலாளியம்மாவின் போனில் வந்து விழுந்த பாராட்டுகள் வேறு மாதிரி இருந்தன. "கேக் அருமை. கொண்டுவந்த தம்பிக்கு எங்கள் குடும்பத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது ஒன்று. இன்னொரு வீட்டில், மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே கேக்கை வெட்டி முதல் துண்டை இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறந்தநாள் கொண்டாடவிருந்த குழந்தை வீறிட்டு அழ, "நீயே அழுதா அந்த அண்ணனுக்கு எப்படி இருக்கும்?" என்று அதற்கு அறிவுரை வேறு.

முதலாளியம்மா நல்ல மனுஷி. முயன்று பார்த்தார். சட்டையில் 'நான் நலமாக இருக்கிறேன்' என்று ஒரு அட்டை குத்திவிட்டார். அதைப் படித்தவர்கள், "என்ன உடம்புக்கு? இப்ப பரவாயில்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்த வாய் அச்சடித்த முகக்கவசம் ஒன்று வாங்கித் தந்தார். அழுகிற கண்ணுக்குக் கீழே பல்லைக் காட்டிச் சிரிக்கிற வாயைப் பார்த்த ஒரு பாட்டி கதவைச் சாத்திவிட்டு போலீசுக்குப் போன் செய்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினான்.

"டேய், வேணாம்டா" என்றாள் அக்கா. "சும்மா இருந்தா யாரோ செத்த மாதிரி இருக்கே. சிரிச்சா நீ கொன்ன மாதிரி இருக்கு."

கடைசியில் அவனை உள்ளே உட்காரவைத்து, போனில் ஆர்டர் எடுக்கச் சொன்னார்கள்.

அங்கேதான் அவன் பூத்தான். கோதுமை மாவு மூட்டைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். காதில் போன். முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும். "கேக்ல என்ன எழுதணும் சார்? 'மன்னிச்சிடு'ன்னா? அப்ப ஒரு கிலோ பத்தாது சார், எவ்வளவு பெரிய தப்புன்னு சொல்லுங்க, சைஸ் நான் சொல்றேன்." மறுமுனையில் சிரிப்பு கேட்கும். கேக் வேண்டாமென்றாலும் அவனிடம் பேசுவதற்காகவே கூப்பிட்டார்கள். அதில் முக்கியமானவர் ஒரு பல் டாக்டரம்மா. வாரம் தவறாமல் தன் கிளினிக்குக்கு கேக் வாங்குவார்.

"பல் டாக்டர் கேக் வாங்கிக் குடுக்கலாமா மேடம்?"

"ஏன்டா, வியாபாரம் நடக்கணும்ல?"

"அப்ப இது கூட்டு வியாபாரம். கெடுக்கிறது நாங்க, புடுங்குறது நீங்க. எங்க பேரையும் உங்க போர்டுல போடுங்க."

அந்தச் சமயத்தில் முதலாளியம்மா புதிதாக ஒரு வேலையை ஆரம்பித்தார். கேக் மட்டுமல்ல, விழாவையும் கடையே நடத்திக் கொடுக்கும். பலூன், விளக்கு, மைக், மைக்கில் பேசிக் கூட்டத்தைக் கலகலப்பாக்க ஒரு ஆள். பல் டாக்டரம்மாதான் முதல் வாடிக்கையாளர். தன் பிறந்தநாளுக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "அந்த போன் தம்பிதான் மைக் பிடிக்கணும்."

அரைக்கம்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வீட்டில் வேறொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கடைக்கு எதிர்வரிசையில் ஒருவர் அமரர் ஊர்தி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் கேக் கடை வாசலில் நின்று இவனையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். "தம்பி, எங்கிட்ட இருக்கிற பசங்க எல்லாம் சாவு வீட்டுல போன் நோண்டுறானுங்க. நீ சும்மா வந்து வண்டி பக்கத்துல நின்னாப் போதும்." அவர் நேராக அப்பாவிடமே போய்ப் பேசிவிட்டார். அப்பாவும் அடுத்த மாதத்திலிருந்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

"முகத்துக்கு ஏத்த வேலைடா" என்றார் அப்பா. "உன்னை யாரும் அங்க 'என்ன ஆச்சு'ன்னு கேக்க மாட்டாங்க."

"எனக்கு அந்த வேலை புடிக்கலப்பா."

"சோகமா இருக்கிற பிள்ளைக்கு வேற என்ன வேலை புடிக்கும்?"

"நான் சோகமா இல்லப்பா!"

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். டாக்டரம்மாவின் விழா நன்றாக நடந்தால் மைக் இவன் கைக்கு வரும். இல்லையென்றால் அமரர் ஊர்தி.

முதலாளியம்மாவுக்கோ முதல் விழாவே கவிழ்ந்துவிடக்கூடாதே என்ற கவலை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டார். கடையில் கேக்குக்கு கிரீம் போடுகிற பையனை எல்லோரும் கன்னக்குழி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் கன்னத்தில் இரண்டு குழி விழ, சிரித்த முகம். அவன் மேடையில் நின்று மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாயசைப்பான். அந்த மைக் ஓடாது. திரைக்குப் பின்னால் ஓடுகிற மைக்கை வைத்துக்கொண்டு அரைக்கம்பம் பேசுவான்.

"முகம் அவனோடது, குரல் உன்னோடது. யாருக்கும் நஷ்டமில்ல" என்றார்.

கன்னக்குழி மாவுக் கையோடு அரைக்கம்பத்தைக் குளிர்பெட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "எப்படியாவது காப்பாத்துடா. நாலு பேர் பாத்தாலே நான் ஓடி ஒளிஞ்சுக்குவேன்."

"நீதான் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கியே."

"எவன்டா சிரிச்சான்? இது குழிடா, வெறும் குழி! எங்கப்பா செத்தப்ப இந்தக் குழியால எங்க சித்தப்பா என்னைச் சொந்தக்காரங்க முன்னாடி அறைஞ்சாரு. 'அப்பன் கெடக்கான், உனக்கு இளிப்பு கேக்குதா'ன்னு. நான் அழுதுக்கிட்டிருந்தேன்டா." அதைச் சொல்லும்போதும் அவன் ஏதோ நல்ல சேதி சொல்பவன்போலவே இருந்தான்.

ஒரே கடையில் இத்தனை நாள் வேலை பார்த்தும் இது தனக்கே தெரியவில்லையே என்று அரைக்கம்பத்துக்கு வெட்கமாக இருந்தது.

விழா ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். டாக்டரம்மாவின் சொந்தக்காரர்கள், கிளினிக் ஆட்கள், பல் கட்டிக்கொண்ட பழைய நோயாளிகள் என்று ஹால் நிரம்பியிருந்தது. திரைக்குப் பின்னால் அரைக்கம்பம் ஓட்டை ஒன்றில் கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். முதல் வாக்கியத்திலேயே ஹால் சிரித்தது. "இங்க வந்திருக்கிற யாருக்காவது பல் வலி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னைக்கு டாக்டருக்கு லீவு, வலிக்கு லீவு கிடையாது." மேடையில் கன்னக்குழி வாயைத் திறந்து திறந்து மூடினான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கேக் வெட்டுகிறவரை.

டாக்டரம்மா பிரியத்தோடு ஒரு பெரிய துண்டை வெட்டி, "போன் தம்பிக்குத்தான் முதல்ல" என்று கன்னக்குழியின் வாயில் திணித்தார். ஓட்டை வழியே அரைக்கம்பத்துக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. வாய் நிறைய கேக்கோடு நிற்கிற கன்னக்குழியிடமிருந்து ஓடைத் தண்ணீராக ஜோக் வந்துகொண்டே இருந்தது.

ஹால் ஒரு விநாடி திகைத்தது. பிறகு விசில் பறந்தது.

"வாயை மூடிக்கிட்டே பேசுறான்யா!"

"இதுதான் வித்தை!"

டாக்டரம்மாவுக்குத் தொழில் ஆர்வம் தாங்கவில்லை. கன்னக்குழியின் தாடையைப் பிடித்தார். "எங்கே, ஆ காட்டு."

கன்னக்குழி ஆ காட்டினான். உள்ளே கேக்தான் இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்த குரல் சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் கன்னக்குழி கேக்கை மென்று விழுங்கிவிட்டு, தன் சொந்தக் குரலில், "மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கிரீம் போடுறவன். என்னை விட்டுடுங்க மேடம்" என்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் அந்த இரண்டு குழிகளும் அப்படியே இருந்தன. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் அழ அழ இன்னும் சிரித்தது. "என்னமா அழுறான் பாரு, சிரிச்சுக்கிட்டே!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

அந்த ஹாலில் அவன் நிஜமாகவே அழுகிறான் என்று தெரிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னால் இருந்தான். முதலாளியம்மா ஓரத்திலிருந்து 'வராதே, வராதே' என்று கையை ஆட்டினார். அரைக்கம்பம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

சிரிப்பு நின்றது. பாட்டுப் போடுகிறவர் பாட்டை நிறுத்தினார். முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிடத்துக்குள் ஹால் முழுவதும் எழுந்து நின்று, தலைகுனிந்து, மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. யாருக்கு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு அத்தை மெல்ல அவன் பக்கம் சாய்ந்து கேட்டாள். "எப்ப தம்பி போனாரு?"

"யாரும் போகல அத்தை" என்றான் அரைக்கம்பம் மைக்கில். "எல்லாரும் உக்காருங்க. இந்த ஹால்ல இப்போதைக்குப் போகப்போறது இந்தக் கேக் மட்டும்தான். அதுவும் நீங்க நின்னுக்கிட்டே இருந்தா, முன்னாடி இருக்கிற அந்தப் பாப்பா தனியாளா முடிச்சிடும்."

அதே குரல். பல் டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். "அடப்பாவி! போன் தம்பி நீயா?"

"ஆமா மேடம். கெடுக்கிறது நாங்க."

அவருக்கு வந்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று கேக்கில் விழுந்தது. அதற்குப் பிறகு ஹாலை யாராலும் பிடிக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிய பெரியவர் மட்டும் கடைசிவரை உட்காரவேயில்லை. மரியாதை மரியாதைதான் என்று அவர் நினைத்திருக்கலாம். அரைக்கம்பம் தன் பேச்சுக்கு நடுவிலேயே கன்னக்குழியைத் தோளில் கைபோட்டு மேடையிலிருந்து இறக்கி, "இவன் சிரிக்கலங்க, அழுறான். யாராவது ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க" என்றான். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, கன்னக்குழியை உற்றுப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முடிந்ததும் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படி தம்பி அந்த முகத்தை அப்படியே வச்சிருந்தே? ஒரு இடத்துல கூட சிரிக்கலையே!"

"சிரிச்சேன் சார். முழுக்கச் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்தியா, இப்பவும் விட மாட்டேங்கிறான்! என்ன நடிப்பு!"

அரைக்கம்பத்துக்கு முதல்முறையாக எரிச்சல் வந்தது. முன்பு அவனை சோகமானவன் என்றார்கள். இப்போது சோகமாக நடிக்கிறவன் என்கிறார்கள். நடுவில் அவன் எங்கே?

கூட்டம் கலைந்தபின் டாக்டரம்மா, கிரீம் ஒட்டிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எல்லாரும் போயாச்சு. முகத்தைச் சாதாரணமா வச்சுக்கோ."

"இதுதான் மேடம் சாதாரணம்."

அவர் கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார். "அப்ப சந்தோஷமாத்தான் இருக்கியா?"

"ரொம்ப."

"சரி" என்றார், அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல. "எனக்கு வித்தியாசமாத் தெரியலப்பா. எங்கிட்ட வர்ற எல்லாருமே இந்த முகத்தோடதான் வருவாங்க."

மறுநாள் முதலாளியம்மா வாயெல்லாம் பல்லாக இருந்தார். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "உனக்கு 'அழுமூஞ்சி'ன்னு பேர் வைக்கிறோம். நீலக் கோட்டு. கன்னத்துல ரெண்டு கண்ணீர்த் துளி வரைஞ்சிடலாம். ஊரே அதிரும்!"

"வேணாம் மேடம்."

"ஏன்டா?"

"நான் அழுமூஞ்சி இல்ல. நடிக்கவும் இல்ல. நான் சந்தோஷமா இருக்கேன், மூஞ்சி இப்படி இருக்கு. அப்படியே நின்னு பேசுறேன். துளி வரைஞ்சாத்தான் மைக்குன்னா எனக்கு மைக்கே வேணாம். எதிர்ல வண்டி நிக்குது, போயிடறேன்."

முதலாளியம்மா அவனைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இளகியது. "சரி சரி, அழுதுடாதேப்பா. உன் இஷ்டம்."

மைக் கைக்கு வந்துவிட்டது. பேசாமல் வெளியே போயிருக்கலாம். அவன் கதவுவரை போய்த் திரும்பி வந்தான். "மேடம், நான் அழப்போகல. அதுக்காக ஒத்துக்காதீங்க. நான் சொன்னது சரின்னு பட்டா ஒத்துக்குங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இவ்வளவு கஷ்டமான கேள்வியை எந்த ஊழியரும் அவரிடம் கேட்டதில்லை. "சரின்னுதான்டா படுது" என்றார் கடைசியில். "துளி கேன்சல்."

கன்னக்குழியும் அன்றைக்கே முதலாளியம்மாவிடம் போய், இனி மேடையிலோ கவுன்டரிலோ ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக கிரீம் போட உட்கார்ந்தான்.

வீட்டில் அப்பா, "வாக்குக் குடுத்துட்டேனேடா" என்று தவித்தார். அரைக்கம்பம் தானே எதிர்வரிசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஊர்திக்காரர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "தொழில் தெரிஞ்ச மூஞ்சி. கேக்குக்குப் போகுது" என்றாரே தவிர, வேறு கோபப்படவில்லை.

கடை வாசலில் வைப்பதற்கு ஆளுயரப் போஸ்டர் அடிக்க முடிவானது. போட்டோக்காரர் அரைமணி நேரம் "சிரிங்க தம்பி, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினார்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேண்ணே. எடுங்க."

எடுத்தார். கேக்கோடு நிற்கிற அவன் முகம், உள்ளபடியே. அதன் மேலே அவன் சொல்லச் சொல்ல அடித்த வரி: 'உங்கள் சந்தோஷத்துக்கு நான் வருகிறேன்.' சாயங்காலம் வாசல் கண்ணாடியில் ஒட்டினார்கள். அவன் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தள்ளி நின்று, கிட்டே வந்து பார்த்தான். பரம திருப்தி.

மறுநாள் காலை கடை திறக்க வந்தபோது, போஸ்டருக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பூக்கள், நல்ல பூக்கள், யாரோ செலவு பார்க்காமல் வாங்கியவை. கன்னக்குழி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"போஸ்டரைக் கழட்டிடலாமாடா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

அரைக்கம்பம் குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தான். பூக்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, கவுன்டரில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தான். பதினோரு மணிக்கு ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விழா இருந்தது. மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.